ஃபின்னோய்: கடல் இணைத்த தீவுகளும் கடலடியில் போன சாலையும்

கேள்வி இது: "நார்வேயில் ஃபின்னோய் என்று ஒரு தீவு நகராட்சி இருந்ததாகப் பழைய வரைபடத்தில் பார்த்தேன். புதிய வரைபடத்தில் அது இல்லை. என்ன ஆயிற்று? அந்தத் தீவுகளில் இப்போது மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? போய்ப் பார்க்க வழி என்ன?"

தீவுகள் அப்படியேதான் இருக்கின்றன, ஆட்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு போய்விடவும் இல்லை. போனது நிர்வாக எல்லை மட்டும். 2020 ஜனவரி 1 அன்று ஃபின்னோயும் அதன் பக்கத்துத் தீவு நகராட்சியான ரென்னெசோயும் ஸ்டவாங்கர் மாநகரோடு சேர்க்கப்பட்டன. என் கணிப்பில் அந்த இணைப்பின் கதை 2009-லேயே, கடலுக்கு 200 மீட்டர் அடியில் தொடங்கிவிட்டது. அங்கே போவதற்கு முன் சில அடிப்படைகள்.

நாம் "நகராட்சி" என்று எழுதுவதை அவர்கள் கொம்யூன் என்கிறார்கள். நகரமே இல்லாத, ஆடுகளும் வைக்கோல் கொட்டகைகளும் மட்டுமே உள்ள இடமும் ஒரு கொம்யூன்தான். நம் ஊராட்சியோடு ஒப்பிட்டால் அதிகாரம் பல மடங்கு: தொடக்க, நடுநிலைப் பள்ளிகள், முதல்நிலை மருத்துவம், முதியோர் பராமரிப்பு, குடிநீர், கட்டட அனுமதி எல்லாம் அதன் கையில். 1837-ல் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி 1838 ஜனவரி 1 முதல் இந்த அமைப்பு நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலும் ஒரு பாதிரியாரின் ஆளுகைக்குட்பட்ட திருச்சபை வட்டாரம் அப்படியே ஒரு கொம்யூன் ஆனது. ஃபின்னோய் அப்போதே பிறந்த கொம்யூன். ஆக, 182 ஆண்டுகள் அது தனித்து இருந்தது.

பெயரில் உள்ள "ஓய்" என்பதே தீவு என்ற பொருள் தரும். "ஃபின்னோய் தீவு" என்று எழுதுவது நம் "நடுசென்டர்" மாதிரிதான். ஆனால் கொம்யூனின் பெயரும் முதன்மைத் தீவின் பெயரும் ஒன்றே என்பதால் சில இடங்களில் அப்படி எழுதாமல் முடியாது.

இடம், தென்மேற்கு நார்வேயின் ரூகலான் மாவட்டம், ஸ்டவாங்கருக்கு வடகிழக்கே பொக்னா ஃபியோர்டின் (ஃபியோர்டு என்பது நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்த கடல்) நடுவே. முதன்மைத் தீவு சுமார் 25 சதுர கிலோமீட்டர். அதன் கிழக்குக் கரையில் உள்ள யூடாபேர்க் நிர்வாக மையமாக இருந்தது. இதைச் சுற்றி தல்யே, ஃபொங்ன், ஹால்ஸ்னோய், பியூரே என்று தனித்தனித் தீவுகள். வடக்கே ஷெர்நாரோய் கூட்டம். அதில் கிர்க்யோய், பியேர்கோய், எரிக்ஸோய் மூன்றும் பாலங்களால் இணைந்தவை. கிர்க்யோய் என்றாலே "தேவாலயத் தீவு". 1636-ல் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. ஷெர்நாரோய் 1965 வரை தனிக் கொம்யூன். அந்த ஆண்டில்தான் அது ஃபின்னோயோடு சேர்ந்தது. அன்று நாடு முழுவதும் 700-க்கு மேல் இருந்த கொம்யூன்கள் சுமார் 450 ஆகச் சுருக்கப்பட்ட காலம். இன்று விழுங்கப்பட்ட ஃபின்னோய், அன்று விழுங்கிய கை.

வடகிழக்கில் ஒம்போ. ரூகலானில் கார்மோய்க்கு அடுத்த பெரிய தீவு. ஆனால் ஒரே தீவின் மேற்குப் பகுதி ஃபின்னோயிடமும் கிழக்குப் பகுதி யெல்மெலாண்டு கொம்யூனிடமும் இருந்தது. இப்போது மேற்குப் பகுதி ஸ்டவாங்கரிடம். ஒரு தீவை நடுவே வெட்டுவது விசித்திரமாகத் தெரியும். படகில் போகிறவன் கண்ணால் பார்த்தால் விசித்திரம் தெளியும். ஒரு கரைக்காரர்களுக்குத் தீவின் மறுகரையைவிட எதிர்த் தீவின் துறைதான் பக்கம். மலையைத் தாண்டுவதற்குள் துடுப்புப் போட்டு இரண்டு முறை போய்வந்துவிடலாம். பழைய எல்லைகள் பலவும் இப்படிக் கடலைச் சாலையாகவும் நிலத்தைத் தடையாகவும் கருதி வரைந்தவை. இதை மனத்தில் வைத்தால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

இந்தத் தீவுகளுக்கெல்லாம் யூடாபேர்க் மையமாக இருந்ததற்குக் காரணம், படகுத் தடங்கள் அங்கே சந்தித்தன. ஸ்டவாங்கர் போக வேண்டுமானால் ஃபெரியின், அதாவது வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகின், நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். எனவே கடை, வங்கி, மருத்துவர், பள்ளி எல்லாம் தீவிலேயே தேவைப்பட்டன. 1992-ல் ரென்னெசோய்க்கு இரண்டு கடலடிச் சுரங்கப்பாதைகள் வந்தன: 5.9 கிலோமீட்டர் நீளமும் 223 மீட்டர் ஆழமும் உள்ள பிஃபியோர்ட் பாதை, 4.4 கிலோமீட்டர் நீளமும் 133 மீட்டர் ஆழமும் உள்ள மாஸ்த்ராஃபியோர்ட் பாதை. அப்போதும் ஃபின்னோய் தண்ணீருக்கு அப்பால்தான். 2009 அக்டோபர் 30 அன்று மூன்றாவது பாதை திறந்தது. ரென்னெசோயின் ஹானாசாண்டிலிருந்து ஃபின்னோயின் லாட்ஸ்டைன் வரை 5.7 கிலோமீட்டர், ஆழம் 200 மீட்டர். கடலுக்கு அடியிலேயே ஒரு சந்திப்பு. அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கிளை தல்யே தீவில் மேலே வருகிறது.

இந்தப் பாதை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலரும் இதைக் கடலில் போட்ட குழாய் என்று நினைக்கிறார்கள். இது கடல் படுகைக்குக் கீழே உள்ள பாறையைக் குடைந்தது. படுகைக்கும் பாதையின் கூரைக்கும் இடையே குறைந்தது 50 மீட்டர் பாறை வேண்டும் என்பது நார்வேயின் வழக்கமான விதி. வெடிவைத்து முன்னேறும்போது முகப்பிலிருந்து நீண்ட சோதனைத் துளைகள் போட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் வேகமாக வந்தால் அந்தத் துளைகள் வழியே சிமென்ட் பாலை அழுத்தத்தோடு செலுத்தி, பாறையின் விரிசல்களை அடைத்த பிறகே அடுத்த வெடி. இந்த வரிசையை மாற்ற முடியாது. குடைந்து முடித்தபின் ஒழுகலை அடைப்பது பல மடங்கு செலவு, பாதியும் வெற்றி பெறாது.

முழுக்க அடைப்பது நோக்கமும் அல்ல. கிலோமீட்டருக்கு நிமிடத்துக்கு 300 லிட்டர் வரை ஒழுகலாம் என்பது அவர்கள் பின்பற்றும் வரம்பு. கிளையும் சேர்த்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் என்றால் அந்த வரம்பின்படி நிமிடத்துக்கு 2,000 லிட்டருக்குச் சற்று மேல். பாதை இரு பக்கமும் சரிந்து நடுவில் தாழ்வதால் நீர் எல்லாம் தானாகவே அடிப்புள்ளிக்கு ஓடிவரும். அங்கே பெரிய நீர்த்தொட்டி, அதிலிருந்து மேலே தள்ளும் பம்புகள். மின்சாரம் போனாலோ பம்ப் பழுதானாலோ சாலை மூழ்கக் கூடாது என்பதால் தொட்டி ஒரு நாள் ஒழுகலைத் தாங்கும் அளவுக்கு அமைப்பார்கள். வரம்பைத் தொட்டால் அது சுமார் முப்பது லட்சம் லிட்டர். உள்ளே வருவது உப்பு நீர். பாறையைவிட முதலில் சாவது இரும்புதான்: விளக்குத் தாங்கிகள், கேபிள் தட்டுகள், பம்பின் உள்பாகங்கள். அதனால் பாறையைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ஆணிகளுக்குத் துத்தநாகப் பூச்சும் அதன்மேல் எபாக்சிப் பூச்சும் கொடுக்கிறார்கள். இரவில் பராமரிப்புக்காகப் பாதையை மூடும் அறிவிப்புகள் அடிக்கடி வருவதற்கும் இதுதான் காரணம்.

ஓட்டுபவருக்கான விஷயம் சரிவு. 5.7 கிலோமீட்டருக்குள் 200 மீட்டர் இறங்கி 200 மீட்டர் ஏற வேண்டும். சராசரியே சுமார் 7 சதவீதம், சில பகுதிகளில் அதைவிடச் செங்குத்து. சுமை ஏற்றிய லாரியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் அடிக்கு வருமுன் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், மறுபக்கம் ஏறும்போது என்ஜின் சூடேறும். நார்வேயின் கடலடிப் பாதைகளில் பல லாரித் தீ விபத்துகளுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சேர்க்கைதான். நுழையும் முன்பே கியரைக் குறைத்து, அதே கியரில் இறங்குங்கள். மழையில் வந்த கார் என்றால் உள்ளே நுழைந்ததும் கண்ணாடி பூத்துவிடும். மின்விசிறியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

பணம் எப்படி வந்தது? நார்வேயில் ஒரு வழி உண்டு. ஃபெரி ஓட்ட அரசு ஆண்டுதோறும் தரும் மானியத்தை, ஃபெரியை நிறுத்திவிட்டால் மிச்சமாகும் தொகை என்று கணக்கிட்டு, முன்கூட்டியே பாதை கட்டத் தருவார்கள். மீதியைச் சுங்கம் ஈடுகட்டும். ஃபின்னோய்க்கும் அந்தக் கலவைதான். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இடத்தில் வண்டிகள் குறைவு, கடன் பெரிது. எனவே ஒவ்வொரு வண்டியின் தலையிலும் விழுந்த கட்டணம் கனமானது. தீவுக்காரர்களின் தீராத புகார் அதுதான்.

இன்னொரு விளைவை யாரும் அதிகம் பேசுவதில்லை. சாலை வந்ததும் ஃபின்னோயும் தல்யேயும் ஸ்டவாங்கரிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவாயின. காலையில் நகரத்துக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பலாம். ஆனால் ஃபொங்ன், ஷெர்நாரோய், ஒம்போ, ஹால்ஸ்னோய் ஆகியவற்றுக்குச் சாலை வரவில்லை. ஒரே கொம்யூனுக்குள் "கரைக்காரர்கள்", "தீவுக்காரர்கள்" என்று இரண்டு வகை உருவானார்கள். அவசர நோயாளி ஒருவர் யூடாபேர்க்கில் இருந்தால் ஆம்புலன்ஸ் கார், ஹால்ஸ்னோயில் இருந்தால் ஆம்புலன்ஸ் படகு. படகுத் தடங்கள் சந்திக்கும் முனை என்ற பலத்தில் நின்ற மையம், சாலையின் கடைசி நிறுத்தம் ஆகிவிட்டது.

2014-ல் அன்றைய அரசு கொம்யூன் சீர்திருத்தத்தைத் தொடங்கி, விரும்பிச் சேர்பவர்களுக்குப் பணச் சலுகை வைத்தபோது, ஃபின்னோய் பேச வேண்டிய ஆள் யார் என்பதில் குழப்பமே இல்லை. சாலை எங்கே போகிறதோ அங்கே. நாடு முழுவதும் 428 ஆக இருந்தவை 2020-ல் 356 ஆயின. இந்த இணைப்பில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டவாங்கருக்கும் ரென்னெசோய்க்கும் நடுவே, சுரங்கப்பாதையின் வாயில் இருக்கும் ரான்டபேர்க் கொம்யூன் சேர மறுத்துத் தனியாகவே நிற்கிறது. எனவே ஸ்டவாங்கர் நகரத்திலிருந்து ஸ்டவாங்கரின் ஃபின்னோய்க்குக் காரில் போக, வேறொரு கொம்யூன் வழியாகத்தான் போக வேண்டும். நிலத்தில் எல்லை தொடாத ஊரைக் கடல்தான் இணைக்கிறது. பழைய முறை முழுதாகச் சாகவில்லை.

சுரங்கப்பாதைதான் கொம்யூனைக் கொன்றது என்று ஒரே வரியில் முடிக்கவும் மாட்டேன். அதே கடலில் உள்ள க்விட்சோய், சுமார் 500 பேர் மட்டுமே வாழும் தீவு, ஃபெரியை நம்பி இன்றும் தனிக் கொம்யூன். இது என் வாதத்துக்கு வலு. ஆனால் பாலங்களால் நிலத்தோடு இணைந்த பொக்ன் கொம்யூனும் ஆயிரத்துக்குக் குறைவான மக்களோடு தனித்தே இருக்கிறது. பாதை வந்தால் இணைந்தே தீர வேண்டும் என்பதில்லை. இணையாமல் இருப்பதற்கான பழைய காரணம் மட்டும் போய்விடும். இப்போது ரான்டபேர்க்கிலிருந்து பொக்னுக்கு 26 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் கிட்டத்தட்ட 390 மீட்டர் ஆழமும் கொண்ட ரோக்ஃபாஸ்ட் பாதை குடையப்படுகிறது. அதில் க்விட்சோய்க்கும் ஒரு கிளை உண்டு. அது திறந்தபின் க்விட்சோய் என்ன செய்கிறது என்று பார்க்க ஆவல்.

இணைப்பால் தீவுக்காரருக்கு என்ன மாறியது? தன் ஊர்க்காரர்களே அமர்ந்த மன்றம் போய், 67 உறுப்பினர் கொண்ட ஸ்டவாங்கர் மன்றம் வந்தது. மூவாயிரம் பேரின் குரல் ஒன்றரை லட்சம் பேருக்குள் கரையாமல் இருக்க, ஃபின்னோய்க்கென்று ஒரு பகுதிக் குழு உண்டு. ஆனால் அதன் கையில் இருப்பது பெரும்பாலும் கருத்துச் சொல்லும் உரிமை. மொழியும் ஒரு சிக்கல். நார்வே மொழிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள்: பூக்மோல், நீநோர்ஸ்க். ஃபின்னோய் நீநோர்ஸ்கை அலுவல் மொழியாக வைத்திருந்தது. ஸ்டவாங்கர் நடுநிலை என்று அறிவித்துக்கொண்டாலும் நகரத்தில் புழங்குவது பூக்மோல். தீவுப் பள்ளிப் பிள்ளை நீநோர்ஸ்கில் படிக்க, வீட்டுக்கு வரும் அலுவலகக் கடிதம் பூக்மோலில் இருக்கும்.

பிழைப்பு என்று பார்த்தால் ஆடு, பால்மாடு, பன்றி, சால்மன் வளர்ப்பு, இவற்றோடு தக்காளி. 59 பாகை வடக்கில் தக்காளியா என்று கேட்பீர்கள். நார்வேயின் தக்காளியில் பெரும்பங்கு ரூகலானில் விளைகிறது, அதில் ஃபின்னோய்க்குப் பெயர் உண்டு. கடல் சூழ்ந்ததால் குளிர்காலம் மிதமானது, சூடேற்றும் செலவு குறைவு. பண்ணைகள் சிறியவை; சிறிய நிலத்தில் அதிக வருமானம் தர கண்ணாடிக் குடில்தான் வழி. மூன்றாவது காரணம் சுங்கம். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. உள்நாட்டு விளைச்சல் இருக்கும் மாதங்களில் இறக்குமதித் தக்காளிக்கு வரி ஏறும், குளிர்காலத்தில் இறங்கும். அந்த வரி இல்லையென்றால் ஸ்பெயின் தக்காளியின் முன் இந்தக் குடில்கள் நிற்காது.

குடிலுக்குள் மண் கிடையாது. பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பாறைக் கம்பளிக் கட்டிகளில் செடி. சொட்டு நீரிலேயே உரம். கொடுத்த நீரில் கால்பங்கு அளவு வடிந்து வெளியேற வேண்டும். குறைத்தால் உப்பு தேங்கி, பழத்தின் அடி கருக்கும். பகலில் 20 முதல் 22 பாகை, இரவில் 17, 18. காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்காக இருக்கும் கரியமில வாயுவை 800, 1,000 வரை ஏற்றுவார்கள். கோடையில் ஜன்னல் திறந்தால் அது வெளியே போய்விடும் என்பதால், எப்போது திறப்பது என்பதே தினசரித் தலைவலி. தண்டு வாரத்துக்கு ஒரு சாண் அளவு வளரும். மேலே உள்ள கம்பியிலிருந்து நூலைத் தளர்த்தித் தளர்த்தி, காய்த்து முடிந்த கீழ்த்தண்டைப் படுக்கவைப்பார்கள். சீசன் முடிவில் ஒரு செடி பத்து மீட்டரைத் தாண்டும். பக்கத் தளிரையும் கீழ் இலையையும் காலையில்தான் கிள்ள வேண்டும். மாலையில் கிள்ளினால் காயம் இரவு ஈரத்தில் காயாமல் சாம்பல் பூஞ்சை பிடிக்கும்; தண்டில் பிடித்தால் செடி போச்சு.

மகரந்தச் சேர்க்கைக்குப் பம்பிள்பீ என்னும் உரோமம் அடர்ந்த பெரிய தேனீக்களை அட்டைப் பெட்டிக் கூடுகளில் வாங்கி வைக்கிறார்கள். ஒரு கூடு ஆறிலிருந்து எட்டு வாரம் வரை உழைக்கும். பூவின் மகரந்தக் கூம்பில் பழுப்புக் கடித்தடம் தெரிந்தால் வேலை நடந்தது என்று அர்த்தம். தடம் கருத்துப்போனால் பூக்களின் அளவுக்குக் கூடு அதிகம் என்று அர்த்தம். ஒரே பூவைத் திரும்பத் திரும்பக் கடித்துக் கெடுக்கின்றன, ஒரு பெட்டியை மூட வேண்டும். குளிர்காலத்தில் விளக்குப் போட்டு ஆண்டு முழுவதும் விளைவிப்பவர்கள் உண்டு. 2021, 2022-ல் தென் நார்வேயில் மின்விலை எகிறியபோது அடிபட்டது இந்த முறைதான்.

கால்நடையின் மறுபக்கம் எரு. தீவில் மாடும் பன்றியும் அதிகம், பரப்ப நிலம் குறைவு. பாஸ்பரஸ் மண்ணில் ஏறி மழையோடு ஓடையிலும் கடலிலும் சேர்கிறது. 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய விதி, நிலத்தின் ஒவ்வொரு அலகுக்கும் இடக்கூடிய பாஸ்பரஸைப் படிப்படியாக இறுக்குகிறது. மிச்ச எருவை லாரியில் வெளியே அனுப்பலாம் என்றால் ஃபின்னோய்க்காவது பாதை இருக்கிறது, ஒம்போவிலிருந்து ஃபெரியில் எரு ஏற்றுவது கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தமிழ் வாசகருக்கு ஒரு தொடர்பு. கணித மேதை நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் 1802 ஆகஸ்ட் 5 அன்று பிறந்தபோது அவருடைய தந்தை ஃபின்னோயின் பாதிரியார். பிறந்தது ஃபின்னோயிலா, எதிர்க்கரையில் உள்ள நெட்ஸ்ட்ரான்டிலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டு வயதுக்குள் குடும்பம் யெர்ஸ்டாடுக்குப் போய்விட்டது. அவர் பெயரில் நார்வே தரும் ஆபெல் பரிசை 2007-ல் பெற்றவர் சென்னையில் பிறந்த எஸ்.ஆர். ஸ்ரீநிவாச வரதன்.

போகிறவர்களுக்கு: ஸ்டவாங்கரிலிருந்து வடக்கே ஈ39 சாலையில் ரான்டபேர்க், பிஃபியோர்ட் பாதை, மாஸ்த்ராஃபியோர்ட் பாதை, ரென்னெசோயில் பிரிந்து ஃபின்னோய் பாதை. சாலை இல்லாத தீவுகளுக்கு மாவட்டப் போக்குவரத்து நிறுவனமான கொலும்புஸின் ஃபெரிகளும் விரைவுப் படகுகளும். சிறு துறைகளில் படகு தானாக நிற்காது, முன்கூட்டியே அழைத்துச் சொன்னால்தான் ஒதுங்கும். அட்டவணையில் அந்த நேரத்தின் பக்கத்தில் உள்ள சிறு குறியைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் துறையில் நின்று கையசைக்கிறார்கள். நேரம் இருந்தால் ஃபின்னோயின் ஹெஸ்பியிலும் தல்யேயிலும் உள்ள இடைக்காலக் கல் தேவாலயங்களைப் பாருங்கள். இரண்டும் கடலைப் பார்த்து நிற்கின்றன, பக்தர்கள் படகில் வந்த காலத்தவை.

முன்னோரைத் தேடிப் பழைய பதிவுகளைப் புரட்டுபவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவச இணையத் தளத்தில் 1801, 1865, 1900, 1910 ஆண்டுகளின் குடிக்கணக்கு உண்டு. அதில் ஷெர்நாரோய்க்காரரை ஃபின்னோயின் கீழ்த் தேடினால் வராது. 1965-க்கு முந்தைய எல்லைப்படி தேட வேண்டும். அடுத்தது பெயர். 1923-ல் பெயர்ச் சட்டம் வரும்வரை பலருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரோடு அப்போது குடியிருந்த பண்ணையின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். பண்ணை மாறினால் பெயரும் மாறும். ஒரே மனிதர் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு பெயர்களில் நிற்பார். பெயரை விட்டுவிட்டுப் பிறந்த நாளையும் மனைவி பெயரையும் பிடித்துக்கொண்டு தேடுங்கள். நிலப் பதிவு தேடுபவர்கள் பழைய கொம்யூன் எண் 1141 என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லாம் ஸ்டவாங்கரின் 1103-க்குள். இணைப்புகளின்போது பண்ணை எண்களையும் மாற்றுவது வழக்கம் என்பதால், பழைய பத்திரத்தின் எண்ணை அப்படியே புதிய வரைபடத்தில் போட்டால் ஸ்டவாங்கர் நகரத்தில் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வீர்கள்.